உறைக்குள் ஒரு பெயர்
அரசுக்குள் எழுந்த குரல்கள் – வரலாற்றுத் தொடர், பகுதி 9

துறைக்குள் நடக்கும் முறைகேட்டை அறிந்த அரசு ஊழியர் அதை மேலிடத்துக்கு எழுதும்போது, அவர் சொன்ன செய்தியும் அவருடைய பெயரும் ஒரே கோப்பில் சேர்ந்தே பயணம் செய்கின்றன. சுதந்திர இந்தியாவில் இத்தகைய ஊழியர்களின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கூட்டுப் பயணத்தின் வரலாறாகவே அமைந்தது. பெயரில்லாத புகாரை அரசு நம்ப மறுத்தது. பெயருள்ள புகாரில் அந்தப் பெயரைக் காக்கும் ஏற்பாடோ அரசிடம் நெடுங்காலம் இல்லை. சென்ற பகுதியில் கண்ட 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்ததால், அலுவலகக் காகிதம் வெளியே போவது குற்றம் என்ற எண்ணம் ஆட்சியாளர் மாறியும் மாறவில்லை. அந்த எண்ணத்தோடு ஊழல் ஒழிப்பு என்ற புதிய நோக்கமும் வந்து சேர்ந்த அறுபதுகளில் தொடங்கி, 2019 வரை நீளும் கதையை இப்பகுதி விவரிக்கிறது.

1962இல், உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரியின் முயற்சியால் ஊழல் தடுப்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் தஞ்சை மண்ணைச் சேர்ந்த கே. சந்தானம்; அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும், ரயில்வே துறை இணையமைச்சராகவும், விந்தியப் பிரதேசத்தின் துணைநிலை ஆளுநராகவும் இருந்தவர், இதழாசிரியராகவும் பணியாற்றியவர். நிர்வாகத்தை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பார்த்த அவருடைய குழு, ஒவ்வொரு துறையும் தன் ஊழலைத் தானே விசாரித்துக்கொள்ளும் நிலை மாற வேண்டும் என்று கருதி, துறைகளுக்கு அப்பால் நின்று மேற்பார்வையிடும் ஓர் அமைப்பைப் பரிந்துரைத்தது. இறுதி அறிக்கை வருவதற்கு முன்பே, 1964 பிப்ரவரியில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் தோன்றியது, சி.வி.சி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இது, மத்திய அரசு அலுவலர்கள்மீதான ஊழல் புகார்களை மேற்பார்வையிட்டு, மேல் நடவடிக்கை பற்றி ஆலோசனை சொல்லும் அமைப்பு. தண்டிக்கும் அதிகாரம் அதற்கு அன்றும் தரப்படவில்லை, இன்றும் இல்லை.

அதே 1964இன் இறுதியில், 1955ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள் வெளியாயின. அவற்றின் 11ஆம் விதி, அரசின் ஆணைப்படியோ கடமையை நல்லெண்ணத்துடன் ஆற்றும்போதோ அன்றி, எந்த அரசு ஊழியரும் அலுவல் ஆவணத்தையோ அதிலுள்ள தகவலையோ அதைப் பெற உரிமையில்லாத எவருக்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ தெரிவிக்கக் கூடாது என்று தடுத்தது. 9ஆம் விதி அரசின் கொள்கையையும் செயலையும் வெளிப்படையாக விமர்சிப்பதைத் தடுத்தது. ஊழலைத் தேடுவதற்கு ஓர் அமைப்பும், ஊழலை அறிந்தவர் வாய் திறவாமல் இருப்பதற்கு ஒரு விதித் தொகுப்பும் ஒரே ஆண்டில் பிறந்தன. இதில் சூழ்ச்சி ஏதும் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. இரண்டையும் உருவாக்கியவர்கள், நேர்மையான ஊழியர் தம் மேலதிகாரியிடம் ‘உரிய வழியாக’, அதாவது படிநிலையில் தமக்கு அடுத்து மேலே இருப்பவர் மூலமாக, எழுதினால் போதும் என்று நம்பினர். அந்த மேலதிகாரியே முறைகேட்டில் பங்காளியாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் விடையின்றி நின்றது.

விடை கிடைக்காதவர்கள் கண்ட வழிதான் மொட்டைக் கடுதாசி. அனுப்பியவர் பெயரில்லாமலோ, இல்லாத ஒருவரின் பெயரிலோ வரும் இத்தகைய கடிதங்கள் இந்திய அலுவலகங்களுக்குப் புதியவை அல்ல; காலனி ஆட்சியின் கச்சேரிகளிலும் அவை குவிந்தன. அவற்றில் உண்மையும் இருந்தது, பொறாமையும் இருந்தது. குறிப்பாக, ஓர் அலுவலரின் பதவி உயர்வு பரிசீலிக்கப்படும் காலத்தில் அவர்மீது மொட்டைக் கடிதம் ஒன்று வந்து சேர்ந்தால், விசாரணை முடியும்வரை உயர்வு நின்றுவிடும் என்பதால், போட்டியாளர்களுக்கு அது கைகண்ட ஆயுதமாக இருந்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல், 1999 ஜூனில், பெயரில்லாத புகார்கள்மீதும் பொய்ப் பெயரில் வரும் புகார்கள்மீதும் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று எல்லாத் துறைகளுக்கும் உத்தரவிட்டார். நேர்மையானவர்களைத் துன்புறுத்தவும் மிரட்டவும் பயன்பட்ட ஒரு வழியை அடைத்தது என்ற அளவில் அந்த உத்தரவு நியாயமானது. ஆனால் அஞ்சியவர்களுக்கு அதுவரை திறந்திருந்த ஒரே வழியும் அதுவாகவே இருந்ததை மறுக்க இயலாது.

இந்தக் குறையை விட்டலும் உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று உண்டு. தகவல் தருவோரைக் காக்கும் சட்டம் ஒன்றை வரைந்து தருமாறு சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டவரும் அவரே. நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி தலைமையிலான அந்த ஆணையம், 2001 டிசம்பரில் அளித்த 179ஆம் அறிக்கையில், முழுமையான சட்ட வரைவையே இணைத்துக் கொடுத்தது. பொதுநலன் கருதித் தகவல் வெளியிடும் ஊழியரைப் பணிமாற்றம், பதவி இறக்கம், ஒழுங்கு நடவடிக்கை போன்ற பழிவாங்கல்களிலிருந்து காப்பது அந்த வரைவின் மையம். அறிக்கை அரசிடம் சேர்ந்தது. அதன்பின் அது எங்கும் நகரவில்லை.

பதினொரு மாதங்கள் கழித்து, 2002 நவம்பர் 11 என்ற தேதியிட்ட கடிதம் ஒன்று பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாயின் அலுவலகத்துக்கு எழுதப்பட்டது. எழுதியவர் சத்யேந்திர துபே. பீகாரின் சிவான் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1973இல் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் கட்டடப் பொறியியலும் பின்னர் வாரணாசியில் முதுநிலைப் பட்டமும் பயின்று, இந்தியப் பொறியியல் பணித் தேர்வின் வழியாக மத்திய அரசில் சேர்ந்தவர். 2002இல் அவர் அயற்பணியில், அதாவது தாய்த் துறையிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு வேறு அமைப்புக்கு அனுப்பப்படும் முறையில், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்குச் சென்று, ஜார்க்கண்டின் கோடர்மாவில் பணியமர்ந்தார். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் நீளத் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில், பழைய கிராண்ட் டிரங்க் சாலையின் மேல் அமைந்த ஔரங்காபாத் – பாராசட்டி பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. இங்கு குறிக்கப்படும் ஔரங்காபாத் மராட்டிய நகரமன்று, பீகாரில் உள்ளது.

துபேயின் கடிதத்தை ஊழல் புகார் என்று மட்டும் சொல்வது போதாது. நெடுஞ்சாலைப் பணியின் எந்தெந்த மூட்டில் பணம் கசிகிறது என்பதை ஒரு பொறியாளரின் கண்ணால் காட்டிய ஆவணம் அது. முதலாவதாக, விரிவான திட்ட அறிக்கைகள்: சாலை எங்கே செல்லும், எவ்வளவு மண் நிரப்ப வேண்டும், எத்தனை பாலங்கள் தேவை என்பவற்றை முன்கூட்டிக் கணக்கிடும் இந்த அறிக்கைகளை ஆலோசனை நிறுவனங்கள் தரமற்று வரைந்திருந்தன என்றும், அவற்றின் அடிப்படையிலேயே பெருந்தொகைக்கான ஒப்பந்தப் புள்ளிகள் கோரப்பட்டன என்றும் அவர் எழுதினார். அடித்தளக் கணக்கு பிழையானால், பின்னர் வரும் ஒவ்வொரு அளவு மாற்றமும் கூடுதல் தொகை கேட்பதற்கு ஒப்பந்ததாரருக்கு வாய்ப்பாகிறது. இரண்டாவது, தொடக்க முன்பணம்: இயந்திரங்களையும் ஆட்களையும் களத்துக்குக் கொண்டுவருவதற்காக ஒப்பந்த மதிப்பில் பத்து விழுக்காடு அளவுக்கு முன்கூட்டித் தரப்படும் இந்தத் தொகை, ஒப்பந்தம் முடிவான சில வாரங்களுக்குள்ளேயே அவசரமாக வழங்கப்பட்டது என்றும், அது சொன்ன வேலைக்குத்தான் செலவானதா என்று பின்தொடர்ந்து பார்க்க எவருமில்லை என்றும் அவர் சுட்டினார்.

மூன்றாவது குற்றச்சாட்டுத்தான் பலரின் வயிற்றில் கை வைத்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் தகுதியையும் அனுபவத்தையும் காட்டி ஒப்பந்தத்தைப் பெற்று, பின்னர் அதைத் துண்டு துண்டாக உள்ளூர்ச் சிறு ஒப்பந்ததாரர்களுக்கு விதிகளுக்குப் புறம்பாகக் கைமாற்றின. சர்வதேசத் தரத்தில் அமைய வேண்டிய சாலை, அதற்கான இயந்திரமோ பயிற்சியோ இல்லாதவர்களின் கையில் விடப்பட்டது. தங்க நாற்கரம் போன்ற திட்டத்தில் தகுதித் தேர்வு எவ்வளவு கடுமையாக இருந்தாலும், வேலை உண்மையில் யார் கையில் நடக்கிறது என்பதைக் களத்தில் நிற்கும் பொறியாளர் ஒருவரே அறிய முடியும். துபே அதைக் கடிதத்தில் எழுதியதோடு நிற்கவில்லை. தரம் குறைந்த சாலைப் பகுதியை ஒப்பந்ததாரரே பெயர்த்து மீண்டும் போடும்படி செய்தார், நிதி முறைகேட்டில் சிக்கிய ஒப்பந்ததாரரின் பொறியாளர்கள் பணியிடை நீக்கம் பெறவும் காரணமானார். அந்த வட்டாரத்தில் உள் ஒப்பந்தங்கள் யாருடைய ஆதரவில் நடந்தன என்பதை அறிந்தவர்களுக்கு இச்செயல்களின் கனம் விளங்கும்.

கடிதத்தை அவர் அமைத்த விதம் இத்தொடரின் நோக்கில் இன்னும் முக்கியமானது. சாதாரணக் குடிமகனின் கடிதமாகக் கருதப்பட்டால் அது பொருட்படுத்தப்படாது என்று அவர் எண்ணினார். ஆகவே தாம் யார், என்ன படித்தவர், எந்தப் பதவியில் இருப்பவர் என்ற விவரங்களைத் தனித்தாளில் இணைத்தார். அந்த விவரங்களை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்றும் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். மொட்டைக் கடிதங்களைக் குப்பையில் போடச் சொல்லும் ஓர் அரசுக்கும், பெயரிட்டவரைக் காட்டிக்கொடுக்கும் ஓர் அரசுக்கும் இடையில், தாமே ஒரு நடுவழி கண்டார் என்று சொல்லலாம். சட்ட ஆணையத்தின் வரைவு சொன்ன பாதுகாப்பை, சட்டமில்லாத நிலையில், ஒரு தனித்தாளின் மேல் நம்பிக்கை வைத்து அவர் நாடினார்.

பிரதமர் அலுவலகம் அக்கடிதத்தைச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு அனுப்பியது. அமைச்சகம் அதை நெடுஞ்சாலை ஆணையத்துக்கே, யார்மீது புகாரோ அந்த அமைப்புக்கே, அனுப்பியது. தனித்தாளும் கூடவே சென்றது. துபே இறந்த பின் இந்தக் கோப்பின் விவரங்கள் நாளிதழ்களில் வெளியானபோது, அதன் ஓரங்களில் பல அலுவலர்களின் கையொப்பங்களும் குறிப்புகளும் நிறைந்திருந்தது நாட்டுக்குத் தெரிந்தது.

இதைத் தனிப்பட்ட சிலரின் கவனக்குறைவாகவோ தீய நோக்கமாகவோ மட்டும் விளக்குவது எளிது. வழக்கத்தில் அவ்வாறே விளக்கப்பட்டும் வருகிறது. ஆனால் கோப்பு முறையின் இயல்பையும் பார்க்க வேண்டும். உள்வரும் தபால் ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏறி எண் பெறுகிறது. அதைக் கையாளும் ஒவ்வொருவரும், கீழ்நிலை எழுத்தர் முதல் செயலாளர் வரை, பார்த்ததற்கு அடையாளமாகத் தேதியோடு ஒப்பமிடுகின்றனர். பொருள் எந்தத் துறைக்கு உரியதோ அந்தத் துறைக்கு, மூலக் கடிதம் இணைப்புகளோடு, ‘தக்க நடவடிக்கைக்காக’ அனுப்பப்படுகிறது. யார் எப்போது எதைப் பார்த்தார் என்று பின்னாளில் தெரிய வேண்டும் என்பதற்காகவே, அதாவது பொறுப்புக்கூறலுக்காகவே, இம்முறை உருவாயிற்று. ஊழலைத் தடுக்க வந்த அதே ஓரக் கையொப்பங்கள், ஊழலைச் சொன்னவரின் பெயரைப் படித்தவர்களின் பட்டியலாக இங்கு மாறின. இரகசியக் கடிதத்துக்கென வேறொரு பாதை அமைக்கப்படாதவரை, நல்ல எழுத்தர் தம் வேலையைச் சரியாகச் செய்வதே தகவல் தந்தவருக்கு ஆபத்தாக முடியும்.

2003இல் துபே, தாம் விரும்பாத இடமாற்றத்தின் பேரில், கயாவுக்கு வந்தார். அங்கும் உள் ஒப்பந்த முறைகேடுகளைச் சுட்டுவதை நிறுத்தவில்லை. அவ்வாண்டு நவம்பர் 27ஆம் நாள் விடியுமுன், வாரணாசியில் ஒரு திருமணத்துக்குச் சென்று ரயிலில் திரும்பியவர், நிலையத்திலிருந்து ரிக்‌ஷாவில் வீட்டுக்குச் செல்லும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 30. நாடெங்கும், குறிப்பாக ஐ.ஐ.டி. மாணவர்களிடையிலும் முன்னாள் மாணவர்களிடையிலும், எழுந்த கொந்தளிப்பின் பின் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. விசாரணையின் முடிவில், இது வழிப்பறியின்போது நேர்ந்த கொலை என்று அத்துறை கூறியது. 2010 மார்ச்சில் பாட்னா நீதிமன்றம் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குடும்பத்தார் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. கடிதத்துக்கும் கொலைக்கும் நேர்த் தொடர்பு நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை என்பதை வரலாற்றாசிரியர் பதிவுசெய்தே ஆக வேண்டும். எனினும், பெயர் கசிந்தது என்ற குற்றம் கொலைக்கான காரணம் எதுவாயினும் குறைந்துவிடாது. கொலை நடந்திராவிட்டால் அந்தக் கசிவு வெளியே தெரிந்தே இராது.

பாராளுமன்றம் செய்யாததைச் செய்யுமாறு அரசை உச்ச நீதிமன்றம் தூண்டியது. துபேயின் கொலையைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட பொதுநல மனுவை விசாரித்த நீதிமன்றம், சட்டம் வரும்வரை தகவல் தருவோருக்கு ஓர் ஏற்பாடு வேண்டும் என்று வலியுறுத்தியதன் விளைவாக, மத்திய அரசு 2004 ஏப்ரல் 21 அன்று ஒரு தீர்மானம் வெளியிட்டது. பொதுநல வெளிப்படுத்தல் மற்றும் தகவல் அளிப்போர் பாதுகாப்புத் தீர்மானம் எனப்படும் அது, சி.வி.சி.யையே இத்தகைய புகார்களைப் பெறும் அமைப்பாக நியமித்தது. 1964இல் விடுபட்ட வேறொரு பாதையை இத்தீர்மானம் வரையத் தலைப்பட்டது: அலுவல் இரகசியச் சட்டம் எதைச் சொன்னாலும், ஆயுதப் படையினர், உளவுப் பிரிவினர் போன்றோர் நீங்கலாக, எந்த அரசு ஊழியரும் ஆணையத்துக்கு எழுதலாம். உறை ஒட்டி மூடப்பட்டிருக்க வேண்டும். அது பொதுநல வெளிப்படுத்தல் புகார் என்று மேலே எழுதப்பட வேண்டும். பெயரும் முகவரியும் உறையின் மேல் இருக்கக் கூடாது, உள்ளே கடிதத்தின் தொடக்கத்திலோ இறுதியிலோ இணைப்பிலோ மட்டும் இருக்கலாம். பெயரில்லாத புகார் ஏற்கப்படாது. எழுதியவர் உண்மையில் அவர்தாமா என்பதை ஆணையம் உறுதி செய்துகொண்ட பிறகே மேல் நடவடிக்கை. புகார் கிடைத்ததற்கான ஒப்புகையும் இராது, ஏனெனில் ஒப்புகை அட்டை ஒன்றே ஊழியரின் அலுவலகத்தில் அவரைக் காட்டிக்கொடுக்கப் போதும்.

ஒட்டிய உறைக்குள் பெயர் என்ற இந்த ஏற்பாடு துபே தாமே கண்டுபிடித்த தனித்தாளின் அதிகாரபூர்வ வடிவம் என்று கூறினால் மிகையாகாது. ஆனால் இதில் சில குறைகள் எஞ்சின. இது நிர்வாகத் தீர்மானம், சட்டமன்று. மீறியவருக்குத் தண்டனை இதில் இல்லை. புகாரை விசாரிக்க ஆணையம் பெரும்பாலும் அந்தந்தத் துறையின் விழிப்புப் பணி அலுவலர்களையே நம்ப வேண்டியிருந்தது. பெயரை நீக்கி அனுப்பினாலும், ஒரு குறிப்பிட்ட ஒப்பந்தத்தின் உள்விவரம் ஒரு சிலருக்கே தெரியும் என்ற நிலையில், எழுதியவர் யார் என்பதை ஊகிப்பது கடினமன்று. மாநில அரசு ஊழியர்களோ இதன் எல்லைக்கு முற்றிலும் வெளியே நின்றனர். தீர்மானம் வந்து ஓராண்டும் ஏழு மாதங்களும் ஆனபோது, 2005 நவம்பர் 19 அன்று, கோலார் தங்கவயலில் வளர்ந்து லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்து, பொதுத்துறை நிறுவனமான இந்தியன் ஆயிலில் விற்பனை அலுவலராக இருந்த மஞ்சுநாத் சண்முகம், கலப்படப் பெட்ரோல் விற்ற நிலையத்தை முடக்கியதற்காக உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கொல்லப்பட்டார். அவர் எவருக்கும் இரகசியக் கடிதம் எழுதியவரல்லர். வழக்கமான ஆய்வு வேலையைச் செய்தவர். உறையால் காக்கக்கூடியவர்கள் எவ்வளவு சிறிய வட்டம் என்பதை அவருடைய முடிவு காட்டியது.

2007இல் வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் மீண்டும் சட்டம் கேட்டது. 2010 ஆகஸ்டில் மசோதா மக்களவையில் அறிமுகமானது. ஜெயந்தி நடராஜன் தலைமையிலான நிலைக்குழு அதை ஆராய்ந்து 2011இல் அறிக்கை தந்தது. அன்னா ஹசாரேயின் ஊழல் எதிர்ப்புப் போராட்டத்தின் வெப்பம் தணியாத அவ்வாண்டு டிசம்பர் 27 அன்று மக்களவை நிறைவேற்றியது. அதன்பின் மாநிலங்களவையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 2014 பிப்ரவரி 21, பதினைந்தாவது மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடர் முடிந்த நாள். தேசியப் பாதுகாப்பு தொடர்பாக அரசே கொண்டுவர எண்ணியிருந்த திருத்தங்களைச் சேர்த்தால் மசோதா மீண்டும் மக்களவைக்குப் போக வேண்டும், அதற்கோ பொழுதில்லை. எனவே திருத்தங்கள் கைவிடப்பட்டு, மசோதா இருந்தபடியே நிறைவேறியது. மே 9 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

காகிதத்தில் இச்சட்டம் 2004ஆம் ஆண்டுத் தீர்மானத்தைவிட வலிமையானது. மாநில ஊழியர்களையும் அது உள்ளடக்கியது. தகவல் தந்தவரின் எழுத்து ஒப்புதலின்றி அவர் பெயரைத் துறைத் தலைவருக்குக்கூடத் தெரிவிக்கக் கூடாது என்றது. தெரிவித்தால் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தகவல் தந்தவர் மீதான நடவடிக்கை பழிவாங்கல் அன்று என்று மெய்ப்பிக்கும் சுமையைத் துறையின் மேலேயே ஏற்றியது. இந்தியப் பணிச் சட்ட மரபில் இது பெரிய திருப்பம். பொய்யென்று தெரிந்தே தீய நோக்கத்துடன் புகார் தருபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்ற பிரிவு, மொட்டைக் கடிதக் காலத்தின் அச்சம் இன்னும் நீங்காததைக் காட்டுகிறது.

ஆனால் சட்டத்தின் முதல் பிரிவே, அரசு அறிவிக்கை வெளியிடும் நாளில்தான் அது நடைமுறைக்கு வரும் என்று கூறியது. அந்த அறிவிக்கை வரவில்லை. கைவிடப்பட்ட திருத்தங்களைச் சேர்த்த பிறகே அமல்படுத்த முடியும் என்று புதிய அரசு கருதி, 2015 மே மாதம் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் விலக்கு அளித்துள்ள வகையைச் சேர்ந்த பத்துப் பிரிவுத் தகவல்கள் புகாரில் இடம்பெறக் கூடாது என்று அது சொன்னது. நாட்டின் பாதுகாப்போடு, அமைச்சரவைக் காகிதங்களும் வணிக இரகசியங்களும் அவற்றில் அடங்கின. பொதுமக்களிடம் வெளியிடுவதற்கான விலக்கை, அரசே நியமித்த ஓர் அமைப்பிடம் இரகசியமாகத் தெரிவிப்பதற்கும் பொருத்தியதுதான் அந்த மசோதாவின் வினோதம். ஒப்பந்ததாரரின் வணிக விவரத்தைத் தொடாமல் துபே தம் கடிதத்தில் ஒரு பத்தியைக்கூட எழுதியிருக்க இயலாது. இரண்டே நாட்களில் மக்களவை அதை நிறைவேற்றியது, மாநிலங்களவை நிறைவேற்றவில்லை, 2019இல் பதினாறாவது மக்களவை கலைந்தபோது திருத்த மசோதா காலாவதியானது. மூலச் சட்டம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, நடைமுறையில் இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு இடைக்கால ஏற்பாடாக வந்த 2004ஆம் ஆண்டுத் தீர்மானமே தொடர்கிறது.

மாநில ஊழியர்களுக்கு அதுவும் இல்லை. மதுரை மாவட்டக் கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று மதிப்பிட்டு, 2012 மே மாதத்தில் அப்போதைய ஆட்சியர் உ. சகாயம் சென்னைக்கு எழுதிய கடிதம் ‘உரிய வழியாக’வே சென்றது; சில நாட்களில் அவர் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். அந்தக் கடிதம் எவ்வாறு வெளியே வந்தது, 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தபோது நிர்வாகம் எவ்வாறு நடந்துகொண்டது என்பவை அடுத்த பகுதியின் பொருள்.